முழங்காலும் 'தேய்வு' என்னும் சொல்லும்



நோய்களுக்கு நாம் இடும் பெயர்கள் சில வேளைகளில் நோயைவிட அதிகமான தீங்கைச் செய்துவிடுகின்றன. நடுவயதைக் கடந்த ஒருவர் முழங்கால் நோவென்று வைத்தியசாலைக்குச் செல்கிறார். எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்படுகிறது. "மூட்டுத் தேய்ந்துவிட்டது" என்ற ஒரு வாக்கியத்தோடு அவர் வீடு திரும்புகிறார். செருப்பின் குதி தேய்வது போலவும், வண்டிச் சில்லின் றப்பர் தேய்வது போலவும் தம் முழங்காலும் அடிக்கு அடி குறைந்துகொண்டு போகிறது என்று அவர் எண்ணிக்கொள்கிறார். தேய்கின்ற பொருளைக் காக்க வழி யாது? அதனைப் பயன்படுத்தாது வைத்திருத்தல். முற்றாகத் தேய்ந்துவிட்டால்? புதியதொன்றை வாங்கிப் பொருத்துதல். ஆகவே அவர் ஒன்றில் சாய்வு நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார். அல்லது மூட்டை மாற்றிக்கொள்ள விரைகிறார்.

இவ்விரண்டு முடிவுகளுக்கும் நடுவே நெடியதொரு பாதை உண்டு. அப்பாதையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன், பாடசாலை ஆசிரியன். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் கரும்பலகைக்கு முன்னால் நின்று வாழும் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆசிரியர் அறையில் பரீட்சைப் பெறுபேறுகளுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படும் பொருள் முழங்கால் நோவுதான். தாதியர், மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள், வயலிலும் தோட்டத்திலும் குனிந்து நிமிரும் உழவர் ஆகியோருக்கும் இந்நோவு புதியதன்று. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நம் நாட்டில் நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேல் அறுபது வயதைக் கடந்தவராயிருந்தனர். ஆதலால் இது நம் ஒவ்வொரு வீட்டையும் தொடுகின்ற பொருளாகும்.

முதலில் மூட்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். தொடை என்பும் கணைக்கால் என்பும் சந்திக்கும் இடத்தில், முன்புறம் சில்லு மூடி நிற்க, முழங்கால் மூட்டு அமைந்துள்ளது. என்புகளின் முனைகளைப் பளிங்குபோல் வழுவழுப்பான ஒரு படலம் போர்த்தியிருக்கிறது. நம் பாடநூல்கள் இதனைக் கசியிழையம் என்கின்றன. குருத்தெலும்பு என்பாரும் உளர். இதற்குக் குருதிக் குழாய்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. கையில் ஏற்பட்ட வெட்டுக்காயம் ஆறுவது குருதி அங்கே வந்து சேர்வதனால். குருதி செல்லாத இடத்தில் காயம் எங்ஙனம் ஆறும்? 1743 ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹன்ரர் என்ற வைத்தியர் இலண்டன் றோயல் சங்கத்தாருக்கு அளித்த கட்டுரையில், அழிந்த கசியிழையம் மீள்வதில்லை என்று எடுத்துக்காட்டினார். தேய்ந்த மூட்டில் அதனைப் பழையபடி வளர்த்துத் தரும் மருந்து எதுவும் இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. இவ்வளவில் 'தேய்வு' என்ற சொல் உண்மையையே கூறுகிறது.

ஆனால் அது பாதி உண்மையே. குருதி செல்லாத அவ்விழையம் உணவைப் பெறுவது எவ்வாறு? மூட்டினுள் சுரக்கும் நீரிலிருந்துதான். நாம் அடியெடுத்து வைக்கும்போது கசியிழையம் அமுங்குகிறது. காலைத் தூக்கும்போது விரிகிறது. கடற்பஞ்சை நீரில் அமுக்கி விடுவதுபோல இவ்வியக்கத்தினாலேயே அது போசணையை உள்ளிழுத்துக் கழிவை வெளியேற்றுகிறது. செருப்பு நடக்க நடக்கத் தேயும். கசியிழையமோ அளவான நடையினால் உயிர் வாழும். அசையாது வைத்த மூட்டு காப்பாற்றப்பட்ட மூட்டன்று. பட்டினி போடப்பட்ட மூட்டு.

இன்னுமொன்று. நரம்பே இல்லாத பொருளில் நோவு எழ முடியாது. ஆகவே நம்மை வருத்தும் நோவு அடியிலுள்ள என்பிலிருந்தும், மூட்டைச் சூழ்ந்த உட்படலத்திலிருந்தும், தசைநாண்களிலிருந்தும் வருகிறது. படத்தில் பெருந்தேய்வு தெரிபவர் சிலர் நோவின்றி உலாவுவதும், சிறு தேய்வே தெரிபவர் துன்பத்தால் துடிப்பதும் இதனாற்றான். இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் நற்செய்தி யாதெனில், தேய்வை மாற்ற இயலாவிடினும் நோவை மாற்ற இயலும் என்பதே. சிகிச்சை அளிக்கப்பட வேண்டியது மனிதருக்கு, அவருடைய படத்துக்கன்று.

இது வெறும் ஆறுதல் மொழியா? டென்மார்க் நாட்டு ஆய்வொன்று விடை கூறுகிறது. முழங்கால் மாற்றுச் சத்திர சிகிச்சைக்குத் தகுதியானவர் என்று நிபுணர்கள் தீர்மானித்த நூறு பேரை இரண்டு அணிகளாக்கினர். ஓர் அணியினருக்குச் சத்திர சிகிச்சை செய்து, பின்னர் பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, நோய் பற்றிய கல்வி, தக்க பாத அணி, வேண்டிய நோவு மருந்து ஆகியவற்றை அளித்தனர். மற்ற அணிக்குச் சத்திர சிகிச்சையின்றி அப்பன்னிரண்டு வாரப் பயிற்சி முறையை மட்டும் அளித்தனர். முடிவுகள் 2015 இல் வெளியாயின. சத்திர சிகிச்சை பெற்றோரே அதிக சுகம் அடைந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பாரதூரமான பக்க விளைவுகளும் அவர்களிடையேதான் மிகுந்திருந்தன. மற்ற அணியின் ஐம்பது பேரில், ஓராண்டுக்குள் சத்திர சிகிச்சையை நாடியவர் பதின்மூவர் மட்டுமே. இரண்டாண்டு கழிந்த பின்னும் அவ்வணியினரில் மூன்றில் இரண்டு பங்கினர் தம் சொந்த முழங்காலோடே நடந்துகொண்டிருந்தனர். சத்திர சிகிச்சைக்கு உரியவர் என்று குறிக்கப்பட்டவர்களிடமே இத்தகைய பலன் கண்டதென்றால், நோவு தொடங்கும் நிலையிலுள்ளோர் நம்பிக்கை இழக்கக் காரணமில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, தசையைப் பலப்படுத்தல். தொடையின் முன்புறத் தசையே முழங்காலின் சுமைதாங்கி. நாம் அடிவைக்கும் அதிர்ச்சியில் ஒரு பங்கை அது ஏற்றுக்கொள்கிறது. நோவுக்கு அஞ்சிக் காலை அசைக்காதிருந்தால் அத்தசை மெலிகிறது, மெலிந்ததும் சுமை மூட்டின் மேல் விழுகிறது, நோவு மிகுகிறது, மிகுந்த நோவு இன்னும் அசையாதிருக்கச் செய்கிறது. செக்கு மாடு சுற்றுவது போன்ற இச்சுழலை எங்கேயாவது அறுக்க வேண்டும்.

அதற்குப் பெரிய உபகரணங்கள் வேண்டியதில்லை. உறுதியான ஒரு நாற்காலி போதும். அதில் நிமிர்ந்து அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். ஐந்து எண்ணும்வரை தொடையை இறுக்கிப் பிடித்து, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. பின்னர், இயலுமானால் கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெல்ல அமருங்கள். இதுவும் பத்துத் தடவை. காலையிலும் மாலையிலும் இவ்விரண்டையும் செய்து, சமதரையில் சிறிது தூரம் நடவுங்கள். துவிச்சக்கர வண்டி ஓட்டுதலும் நன்று. பயிற்சியின்போது சிறிதளவு நோவு தோன்றுவது இயல்பே. அது மறுநாளைக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுமாயின் அஞ்ச வேண்டா. திரும்பாவிடின் பயிற்சியைக் குறைக்க வேண்டும், நிறுத்துதல் கூடாது. வைத்தியசாலைகளிலுள்ள இயன்மருத்துவர்கள் அவரவர் நிலைக்கேற்ற பயிற்சியைக் கற்றுத் தருவர். ஒரு நாள் சென்று பார்த்துவிட்டு விடுதல் பயன் தராது. பன்னிரண்டு வாரமாவது இடைவிடாது செய்தாலன்றிப் பலனை மதிப்பிடுதல் நியாயமன்று.

இரண்டாவது, உடல் எடை. அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்து 2005 இல் வெளியான ஆய்வொன்று, உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறதெனக் கண்டது. ஐந்து கிலோ குறைத்தவர் அடிதோறும் இருபது கிலோவை இறக்கி வைக்கிறார். ஒரு நாளில் நாம் வைக்கும் அடிகள் சில ஆயிரம். கணக்கை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். அந்நாட்டின் பிரமிங்ஹாம் நகரப் பெண்களிடையே நடத்தப்பட்ட ஆய்வு 1992 இல் வேறொன்றையும் காட்டியது. பத்தாண்டுகளில் ஐந்து கிலோ அளவு எடை குறைத்த பெண்களுக்கு, நோவோடு கூடிய முழங்கால் தேய்வு தோன்றும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பசியை அடக்கி எடையைக் குறைக்கும் வாராந்த ஊசிமருந்தொன்றைப் பெற்ற பருமனானோருக்கு முழங்கால் நோவும் தணிந்ததென 2024 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அத்தகைய மருந்து வைத்தியரின் முடிவுக்கு உரியது. நம் முடிவுக்கு உரியவை சோற்றுக் கோப்பையின் அளவும், பாணும், ஒரு நாளில் நாம் அருந்தும் சீனித் தேநீரின் எண்ணிக்கையுமாகும்.

மூன்றாவது, வாழ்க்கைப் பழக்கம். பீஜிங் நகர முதியோரிடையே நடந்து 2004 இல் வெளியான ஆய்வு, இளமையில் நாள்தோறும் நெடுநேரம் குந்தியிருந்தோரிடம் முழங்கால் தேய்வு மிகுந்திருந்ததைக் காட்டியது. குந்தியிருந்து காய்கறி நறுக்குதல், துணி துவைத்தல், களை பிடுங்குதல் ஆகியவை நம் வீடுகளிலும் வழக்கமே. நோவு கண்டவர் அவற்றை உயரமான இருக்கையில் இருந்து செய்யப் பழகலாம். மலசலகூடத்தில் உயர்ந்த இருக்கை அமைத்தல் ஆடம்பரமன்று. கோவிலில் சம்மணமிடுவோரும், தேவாலயத்தில் முழந்தாளிடுவோரும், பள்ளிவாசலில் தொழுவோரும் இயலாதபோது நாற்காலியில் அமர்ந்து வழிபடுவதில் குறையேதும் இல்லை. படியேறும்போது நல்ல காலை முன்வைக்க வேண்டும்; இறங்கும்போது நோவுள்ள காலை முன்வைக்க வேண்டும். கைத்தடியை நோவுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையிற் பிடிக்க வேண்டும். வலக்கால் நோவுக்கு வலக்கையில் தடி பிடிப்பவர்களை வீதியில் அன்றாடம் காண்கிறோம். கைத்தடிக்கு வெட்கப்படுவோர், அது மூக்குக் கண்ணாடியைப் போன்ற ஒரு துணைக்கருவியே என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

இனி மருந்துகளுக்கு வருவோம். மேற்பூச்சாகத் தடவும் அழற்சி நீக்கிக் களிம்பு முதலில் முயன்று பார்க்கத் தக்கது. அவ்வகை மருந்தைக் குளிகையாக உட்கொள்வது நோவைத் தணிக்குமாயினும், நெடுநாள் உட்கொண்டால் இரைப்பையில் புண்ணையும், சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் கேட்டையும் உண்டாக்கலாம். நீரிழிவும் குருதி அழுத்தமும் உள்ளவர் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்குதல் ஆபத்தானது. எண்ணெய் பூசி வெந்நீர் ஒற்றடம் கொடுப்பது இதம் தருமாயின் தாராளமாகச் செய்யலாம். உள்ளடக்கம் இன்னதென்று எழுதப்படாத தூள்களையும் குளிகைகளையும் மட்டும் தொட வேண்டா.

தேய்ந்ததை வளர்க்கும் என்ற நம்பிக்கையில் விற்பனையாகும் குளுக்கோசமைன், கொன்ட்ரோயிற்றின் என்பவற்றை 1,583 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006 இல் வெளியாயிற்று. மொத்தத்தில் அவை வெறுங் குளிகையைவிட மேலானவையாகத் தோன்றவில்லை. மூட்டினுள் ஏற்றும் ஸ்டெரோயிட் ஊசி சில வாரங்களுக்கு நோவைத் தணிக்கும். மிகுந்த வேதனையில் அது உதவியே. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாக இரண்டு ஆண்டு அதனைப் பெற்றோரின் கசியிழையம், உப்புநீர் ஊசி பெற்றோரைவிட அதிகமாக மெலிந்ததையும், நோவில் வேறுபாடு இல்லாததையும் 2017 இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயாளியின் சொந்தக் குருதியிலிருந்து குருதிச் சிறுதட்டுகளைப் பிரித்து ஏற்றும் விலையுயர்ந்த ஊசியும், 288 பேரிடம் அவுஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் முடிவில் உப்புநீரை வெல்லவில்லை.

சிறு துளையிட்டு மூட்டைக் கழுவிச் சுரண்டும் சத்திர சிகிச்சையின் கதை இன்னும் வியப்பானது. 2002 ஆம் ஆண்டு ஹூஸ்ரன் நகர வைத்தியர்கள் 180 நோயாளரின் முன்சம்மதத்தைப் பெற்று அவர்களை மூன்று பிரிவாக்கிய ஆய்வை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு மூட்டைக் கழுவினர். மற்றொரு பிரிவினருக்குச் சுரண்டினர். மூன்றாம் பிரிவினருக்குத் தோலில் மட்டும் கீறித் தையலிட்டனர். தமக்கு எது செய்யப்பட்டதென்று நோயாளர் அறியார். இரண்டு ஆண்டு கழித்து நோக்கியபோது மூன்று பிரிவினரிடையும் வேறுபாடில்லை! வீட்டு நகையை அடகு வைத்து ஊசிக்கும் துளைச் சிகிச்சைக்கும் செலவிட எண்ணுவோர் இவ்வாய்வுகளைப் பற்றி முதலில் தம் வைத்தியரிடம் கேட்டறிதல் நலம்.

அப்படியாயின் மூட்டு மாற்றுச் சத்திர சிகிச்சையும் வேண்டாததா? அன்று. அது இக்காலத்தின் அரிய பேறுகளில் ஒன்று. 1890 இல் பேர்லினில் தெமிஸ்ரோக்கிளிஸ் குளூக் என்பவர், காசநோயால் அழிந்த முழங்காலுக்குத் தந்தத்தாலான மூட்டைப் பொருத்தினார். கிருமித் தொற்று அம்முயற்சியைத் தோல்வியுறச் செய்தது. 1970 களில் நியூயோர்க்கில் ஜோன் இன்சோலும் அவர் கூட்டத்தாரும் அமைத்த வடிவமே இன்றைய மூட்டுகளுக்கு வழிகாட்டியாயிற்று. இப்பொழுது உலோகமும் உறுதியான பிளாஸ்ரிக்கும் சேர்ந்த மூட்டு பொருத்தப்படுகிறது. நூற்றில் ஏறக்குறைய எண்பத்திரண்டு மூட்டுகள் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன என்று 2019 இல் வெளியான கணிப்பொன்று கூறுகிறது.

பின் ஏன் தள்ளிப்போட வேண்டும்? காரணங்கள் இரண்டு. மாற்றிய மூட்டுக்கும் ஆயுள் உண்டு. பிரித்தானிய நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான கணிப்பின்படி, எழுபது வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவருக்கு வாழ்நாளில் மறுபடியும் சத்திர சிகிச்சை வேண்டிவரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தளவே. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கோ அது நூற்றுக்கு முப்பத்தைந்து வரை உயர்கிறது. இரண்டாம் முறைச் சத்திர சிகிச்சை முதலாவதைவிடக் கடினமானது. அடுத்து, மாற்றிக்கொண்டவருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நோவு நீங்காமலே நிலைத்துவிடுகிறது. எனவே, அவசரப்பட்டு அதனுள் நுழைதல் தகாது. வயது குறைந்தவராய், மூட்டின் ஒரு பக்கம் மட்டும் பழுதுற்றிருந்தால், என்பின் கோணத்தைத் திருத்துதல், ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுதல் போன்ற வழிகளும் உள்ளன. அவற்றைப் பற்றி நிபுணரிடம் கேட்கலாம்.

ஆனால் தள்ளிப்போடுதல் என்பது சும்மா இருத்தல் அன்று. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் ஐம்பத்தாறாம் வயதில் தம் முழங்கால் தேய்ந்துவிட்டதென்று அறிந்தார். கடைக்கும் கோவிலுக்கும் நடப்பதை நிறுத்தினார். ஓராண்டில் தொடை மெலிந்து, பிறர் கைகொடாமல் எழ இயலாதவரானார். பின்னர் ஓர் இயன்மருத்துவர் அவரை நாற்காலிப் பயிற்சியில் தொடக்கி வைத்தார். ஆறு மாதத்தில் அவர் மீண்டும் சந்தைக்கு நடந்தார். எட்டு ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. அதன்பின் இரவில் உறக்கம் கெடும் அளவுக்கு நோவு முற்றியபோது மூட்டை மாற்றிக்கொண்டார். பலப்படுத்தி வைத்திருந்த தசைகள் அப்பொழுதும் அவருக்குக் கைகொடுத்தன; சில வாரங்களிலேயே தடியின்றி முற்றத்தில் உலாவினார். அந்த எட்டு ஆண்டுகளை அவர் தோல்வியாகக் கருதவில்லை, நானும் கருதவில்லை.

எனவே சத்திர சிகிச்சைக்கு உரிய காலம் எது என்பதை வயதோ படமோ தனித்துத் தீர்மானிப்பதில்லை. பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து ஆகியவற்றை நேர்மையாக முயன்ற பின்னும் நோவு உறக்கத்தைக் கெடுக்கிறதா? குளித்தல், உடுத்தல், கடைக்குச் செல்லல் முதலிய அன்றாடக் கருமங்களைத் தடுக்கிறதா? ஆம் என்றால் காலம் வந்துவிட்டது. அப்பொழுது அச்சத்தினால் மேலும் ஒத்திவைப்பதும் பிழையே. மூட்டு மடங்கியபடி இறுகி, தசைகள் முற்றாக மெலிந்த பின்னர் செய்யும் சிகிச்சை முழுப் பலனைத் தாராது. வயது மிகுதி, உடற்பருமன் என்ற காரணத்தைக் கொண்டு மட்டும் ஒருவரைச் சத்திர சிகிச்சையிலிருந்து விலக்குதல் கூடாதென்று இங்கிலாந்தின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. பெற்றோரின் நோவை 'வயதுக் கோளாறு' என்று தள்ளிவிடும் பிள்ளைகள் இதனை மனங்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் கூறவேண்டும். முழங்கால் திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால், விழுந்தபின் காலூன்ற இயலாவிடின், அல்லது மூட்டு மடக்கவும் நீட்டவும் முடியாது பூட்டிக்கொண்டால், பயிற்சி செய்துகொண்டிராது உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். காலையில் பல மூட்டுகள் நெடுநேரம் விறைத்து வீங்கியிருப்பின் அது முடக்குவாதமாக இருக்கலாம். அது வேறு நோய். அதற்கு மருந்தைத் தள்ளிப்போடல் ஆகாது.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயுற்றவனையே முதற் கூறாக வைத்தார். வைத்தியனும் மருந்தும் துணையாளனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். முழங்கால் நோயில் இவ்வரிசை மிகப் பொருத்தமானது. 'தேய்ந்துவிட்டது' என்ற சொல்லைக் கேட்டு வீடு திரும்பியவர், அடுத்த முறை வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: எனக்கு ஏற்ற பயிற்சி எது? நான் எத்தனை கிலோ குறைக்க வேண்டும்? எந்நிலை வந்தால் சத்திர சிகிச்சையைப் பற்றி நாம் பேச வேண்டும்? விடைகள் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இப்பேச்சைக் கேட்டுக்கொண்டு நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலி உறுதியானதாயின், பயிற்சியை இன்று மாலையே அதில் தொடங்கலாம்.